பாற்சர்க்கரையும் நெருப்புக்காய்ச்சற் கிருமியும்

நெருப்புக்காய்ச்சற் கிருமியை நுணுக்குக்காட்டியிற் கண்டு விவரித்த பெருமை எபெர்த் என்னும் செர்மானிய நோயியலறிஞருக்கு உரியது. 1880 ஆம் ஆண்டிலே, அந்நோயால் இறந்தோரின் மண்ணீரலில் மெல்லிய கோல்போன்ற கிருமிகள் செறிந்திருத்தலை அவர் கண்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, றொபேட் கொக்கின் உதவியாளராகிய காவ்கி அதனைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். இனி ஐயத்துக்கு இடமில்லை, நோயாளியின் மலத்திலும் அவன் குடித்த நீரிலும் இக்கிருமியைத் தேடிக் காண்பதே எஞ்சிய வேலை என்று வைத்தியர் பலர் எண்ணினர். அந்த நம்பிக்கை ஓராண்டுதானும் நிலைக்கவில்லை.

1885 ஆம் ஆண்டில், மியூனிக் நகரிலே குழந்தைகளின் சமிபாட்டை ஆராய்ந்துகொண்டிருந்த தியோடோர் எஸ்செரிக் என்னும் வைத்தியர், பாலருந்தும் குழந்தைகளின் குடலில் இயல்பாகவே வாழும் ஒரு கோற்கிருமியை வெளியிட்டார். பெருங்குடலைக் குறிக்கும் சொல்லால் அதற்குக் ‘கோலை’ என்று பெயர் வழங்கிற்று. நோயற்ற குழந்தை, நோயுற்ற குழந்தை என்ற வேறுபாடின்றி எல்லாரிடத்தும் அது காணப்பட்டது. இக்கோலைக் கிருமியும் எபெர்த்தின் கிருமியும் நுணுக்குக்காட்டியின் கீழ் இரட்டைப் பிள்ளைகள்போலத் தோன்றின. நீளமும் பருமனும் ஏறக்குறைய ஒன்று. கிராம் என்பார் 1884 இல் வகுத்த சாயமுறையிலும் இரண்டும் ஒரே வகையாகவே நடந்தன. சாதாரண வளர்ப்பூடகத்திலும் இவற்றின் திரள்களைக் கண்ணாற் பார்த்துப் பிரித்தல் அரிதாயிற்று. நோய்க்கிருமி ஒன்றைத் தேடி மலத்தை ஆராய்பவன், அதனிற் பன்மடங்கு மிகுந்துள்ள அதன் சாயலுடைய வேறொரு கிருமியின் கூட்டத்தினுள்ளே அகப்பட்டுக்கொண்டான்.

அவித்த உருளைக்கிழங்கின் வெட்டுமுகத்தில் இவ்விரண்டையும் வளர்த்துப் பார்க்கும் முறையொன்று சிலகாலம் கையாளப்பட்டது. கோலை அங்கே மஞ்சளும் கபிலமும் கலந்த படலமாகப் படரும். நெருப்புக்காய்ச்சற் கிருமியோ கண்ணுக்குப் புலப்படாத ஈரப்படலமாகவே நிற்கும். ஆயினும் கிழங்குக்குக் கிழங்கு முடிபு வேறுபட்டது. 1889 இல் யப்பானியராகிய கிற்றசாற்றோ, கோலை இந்தோல் என்னும் பொருளைத் தோற்றுவிக்கும் என்றும் மற்றையது தோற்றுவியாது என்றும் காட்டினார். இது சிறந்த சான்றேயெனினும் தனியொரு சான்றாகவே நின்றது.

இதனை ஆய்வுகூடத்தாரின் சில்லறைத் தொல்லை என்று எண்ணுதல் தவறு. அக்காலத்தில் நெருப்புக்காய்ச்சலின் தோற்றம்பற்றி இரு கட்சிகள் இருந்தன. இங்கிலாந்தில் வில்லியம் பட் என்னும் வைத்தியர், நோயாளியின் மலத்தினின்று நீர்வழியாகவே நோய் பிறரைச் சேர்கின்றது என்று வாதித்தார். அந்நாட்டிலேயே தொழில்பார்த்த சாள்ஸ் மேச்சிசன், அழுகும் மலத்தினின்றும் கழிவினின்றும் நோய் தானாகவே தோன்றவல்லது என்று 1858 இல் எழுதினார். நோய்க்கிருமி கண்டுபிடிக்கப்பட்டதும் மேச்சிசன் கட்சி ஒழிந்ததென்றே தோன்றிற்று. ஆனால் 1889 ஆம் ஆண்டையொட்டி, பிரான்சின் லியோன் நகரத்து றோடேயும் றூவும், எபெர்த்தின் கிருமி என்பது வேறொன்றன்று, தன்னிலை திரிந்த கோலைக் கிருமியே என்று கூறப் புகுந்தனர். அவர் கூற்று மெய்யாயின், மேச்சிசனின் கொள்கை கிருமியியலின் உடை தரித்துக்கொண்டு மீண்டு வந்துவிடும். நலமுடையோர் ஒவ்வொருவருடைய குடலும் நோயின் பிறப்பிடமாகும். நோயாளியைத் தனிப்படுத்தலாலும் அவன் மலத்தை அழித்தலாலும் பயன் யாது? ஒரு நகரத்தின் சுகாதாரச் செலவு முழுவதும் இவ்விரு கிருமிகளும் ஒன்றோ வேறோ என்ற வினாவைப் பற்றிக்கொண்டு நின்றது. அவ்வினாவுக்கு உறுதியான விடைகளுள் ஒன்றை அளித்தது, குழந்தையும் கன்றும் பருகும் பாலில் உள்ள சர்க்கரை.

பாற்சர்க்கரை புதிதாக அறியப்பட்ட பொருளன்று. பாலின் கொழுப்பையும் திரளும் புரதத்தையும் நீக்கியபின் எஞ்சும் தெளிநீரை வற்றச் செய்தால் அது படிகமாகப் பிரியும். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இத்தாலிய வைத்தியராகிய பார்த்தொலெத்தி இதனைப் பெற்றார். புளித்த பாலிலுள்ள இலற்றிக்கமிலத்தைச் சுவீடன் தேசத்து மருந்துக்கடைக்காரராகிய சேலே 1780 இற் பிரித்தார். அச்சர்க்கரை குளுக்கோசும் கலற்றோசும் இணைந்தது என்பதும், பசுப்பாலில் நூற்றுக்கு ஐந்து பங்களவும் தாய்ப்பாலில் ஏழு பங்களவும் உளது என்பதும் பின்னர் அறியப்பட்டன. இலற்றோசு என்பது இதன் இரசாயனப் பெயர்.

இச்சர்க்கரை அமிலமாவது உயிரின் செயலே என்று லூயி பாஸ்ரர் 1857 ஆம் ஆண்டிலே லீல் நகரில் வாசித்த கட்டுரையிற் காட்டினார். இருபது ஆண்டின்பின், சத்திரவைத்தியத்தில் நுண்ணுயிரொழிப்பைப் புகுத்திப் புகழ்பெற்ற யோசப் லிஸ்ரர், பாலைப் புளிக்கவைக்கும் கிருமியைத் தனியே பெற முயன்றார். ஒரு துளியில் ஒரு கிருமிக்கு மேற் சேராதவாறு புளித்த பாலை நீர்விட்டு நீர்விட்டு ஐதாக்கி, அத்துளிகளைக் காய்ச்சிய பாலுள்ள கண்ணாடிக் கிண்ணங்களில் இட்டார். சில கிண்ணங்களிற் பால் திரண்டது; சிலவற்றில் மாற்றமின்றி நின்றது. திண்ம ஊடகத்திற் கிருமிகளைப் பிரிக்கும் முறையைக் கொக் வகுப்பதற்கு முன்னரே, ஒரே கிருமியின் வழித்தோன்றல்களை மட்டும் கொண்ட வளர்ப்பு இவ்வாறு கைகூடிற்று. லிஸ்ரரைப் போற்றுவோர் அவருடைய காபோலிக்கமிலத்தைப் பேசுமளவுக்கு இதனைப் பேசுவதில்லை.

இனி, நம் வினாவுக்குத் திரும்புவோம். பெத்துருஸ்கி என்பார் 1889 இல், பாலின் தெளிநீரிற் பாசிச்சாயத்தைக் கலந்து அதிற் கிருமிகளை வளர்த்தார். அமிலத்திற் சிவந்தும் காரத்தில் நீலமாகியும் நிற்கும் அச்சாயம், கோலையால் மிகுந்த அமிலமும் நெருப்புக்காய்ச்சற் கிருமியாற் சிறிதளவே அமிலமும் தோன்றுதலைக் காட்டிற்று. 1891 இற் பாரிஸ் நகரத்துச் சாந்தமெஸ்ஸும் விடாலும், கோலை இலற்றோசை நொதிக்கச் செய்கின்றது, எபெர்த்தின் கிருமி அதனைத் தொடுவதில்லை என்று வெளியிட்டனர். மறு ஆண்டில் வூர்த்ஸ் என்பார், இலற்றோசும் பாசிச்சாயமும் சேர்ந்த ஏகார்த் தட்டை ஆக்கினார். அதன்மேற் கோலைத் திரள்கள் சிவந்தன, மற்றையவை சிவக்கவில்லை. நுணுக்குக்காட்டி காட்டாத வேற்றுமையை வெறுங்கண் கண்டது.

குளுக்கோசிருக்க இலற்றோசு ஏன் வேண்டப்பட்டது என்று மாணவர் வினவலாம். குளுக்கோசை இரு கிருமிகளும் உண்டு அமிலமாக்கும். ஒன்று வாயுவையும் உண்டாக்கும். மற்றையது உண்டாக்காது என்பதே அங்குள்ள வேற்றுமை. இலற்றோசையோ, முதலில் உடலினுள்ளே கொண்டுசென்று, பின் இரண்டாகப் பிளந்தாலன்றிக் கிருமிக்குப் பயனில்லை. அதற்கான கருவியுடையதே அதனை உண்ணும். கருவியற்றது ஊடகத்திலுள்ள புரதக் கூறுகளை உண்டு காரத்தன்மையையே விளைவிக்கும். எனவே ஒரே தட்டில் ஒன்று அமிலப்பக்கமும் மற்றொன்று எதிர்ப்பக்கமும் சாயும். இதற்கு ஊடகத்தில் வேறு சர்க்கரை சிறிதும் இருத்தலாகாது. இறைச்சிச் சாற்றில் இயல்பாகவே சர்க்கரை உண்டென்பதையும், அதனாற் பல பரிசோதனைகள் பிழைபட்டன என்பதையும் அமெரிக்கராகிய தியோபல்ட் சிமித் எடுத்துக்காட்டினார். அச்சர்க்கரையைக் கோலைக் கிருமியைக் கொண்டே உண்பித்து ஒழித்தபின் சாற்றைப் பயன்படுத்தினர். திருடனைக் கொண்டே களஞ்சியத்தைத் துப்புரவாக்கிய உபாயம் இது.

பரம்பரை பரம்பரையாக வளர்த்தும் எபெர்த்தின் கிருமி இலற்றோசை உண்ணாது நின்றமை, லியோன் நகரத்தார் கொள்கையை வலுவிழக்கச் செய்தது. 1896 இல் விடாலும் பிறரும் நோயாளியின் குருதித் தெளியத்தால் இக்கிருமிகள் ஒட்டித் திரள்வதைக் காட்டியபின், அவ்வாதம் மெல்ல மறைந்தது.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் இலற்றோசுத் தட்டு பல வடிவங்கள் எடுத்தது. அவற்றுள் மிகுந்த ஆயுள் பெற்றது அல்பிரட் மக்கொங்கியின் ஊடகம். 1898 இல் நியமிக்கப்பட்ட பிரித்தானியக் கழிவுநீர் ஆணைக்குழுவின் பொருட்டு லிவர்ப்பூலில் உழைத்த அவர், குடலில் வாழும் கிருமிகள் பித்தத்துக்கு அஞ்சா என்பதை நன்கு பயன்கொண்டார். பித்த உப்புகளைச் சேர்த்ததும் மண்ணினின்றும் தோலினின்றும் வந்த கிருமிகளுட் பல அடங்கிவிட்டன. குடற்கிருமிகளே எஞ்சின, இலற்றோசு அவற்றை இருபாலாகப் பிரித்தது. 1900 இல் வெளிவந்த இம்முறையிற் பாசிச்சாயம் இருந்தது. பின்னர், கிறுன்போமும் கியூமும் 1902 இற் புகுத்திய நடுநிலைச் சிவப்பு என்னும் சாயத்தை அவர் ஏற்றுக்கொண்டார். இளஞ்சிவப்புத் திரள்கள் இலற்றோசை உண்பன, நிறமற்றவை உண்ணாதன. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும், இத்தட்டு இன்றும் வைத்தியசாலை ஆய்வுகூடங்களில் நாள்தோறும் வார்க்கப்படுகின்றது.

செர்மனியில் திரிகால்ஸ்கியும் கொன்றாடியும் 1902 இல் ஓர் ஊடகம் செய்தனர். யப்பானில் என்டோ 1904 இல் மற்றொன்று செய்தார். திரிகால்ஸ்கி தட்டைக் கொண்டு, கொக்கின் தலைமையிலே திரியர் நாட்டுப்புறக் கிராமங்களில் வீடு வீடாக மலம் ஆராயப்பட்டது. அங்கே எவரும் எதிர்பாராத ஓருண்மை வெளிவந்தது. நோயினின்று தேறியோர் சிலரும், நோயுற்றதையே அறியாதோர் சிலரும் கிருமியைச் சுமந்து திரிந்தனர். அத்தகையோருள் உலகறிந்தவள் நியூயோர்க் நகரத்துச் சமையற்காரி மேரி மல்லன். 1907 இற் பிடிக்கப்பட்ட அவள், தான் நலமாயிருப்பதாகவே இறுதிவரை சாதித்தாள். 1910 இல் விடுவிக்கப்பட்டு, மீண்டும் சமையலிற் காணப்பட்டமையால் 1915 முதல் 1938 இல் இறக்கும்வரை தீவொன்றில் அடைக்கப்பட்டாள். ஒரு தட்டின்மேல் வளர்ந்த கிருமியைச் சான்றாகக்கொண்டு, குற்றமற்ற ஒருத்தியின் வாழ்நாளிற் கால் நூற்றாண்டைப் பறிக்கலாமோ என்ற வினா விஞ்ஞானத்தால் விடுக்கப்பட்டதாயினும், விஞ்ஞானத்தால் விடையளிக்கக்கூடியதன்று. அவ்வாறு சுமப்போராகப் பின்னர் அறியப்பட்ட பலர் அடைபடாமலே வாழ்ந்தனர் என்பதை நோக்கும்போது, ஏழையும் வேற்றுநாட்டிற் பிறந்தவளுமாகிய அவளுக்கு நடந்தது நீதியென்று கூற எம்மால் முடியவில்லை.

வயிற்றளைச்சற் கிருமியையும் இலற்றோசு இதே பக்கத்திற் சேர்த்தது. யப்பானில் 1897 ஆம் ஆண்டு தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பீடித்த கொள்ளைநோயிற் கியோசி சிகா கண்டெடுத்த கிருமி இலற்றோசைத் தொடவில்லை. இதனால் ‘உண்ணாதது தீயது, உண்பது தீதற்றது’ என்ற எளிய விதியொன்று மாணவர் மனத்திற் பதியலாயிற்று. இது விதியன்று, தற்செயலாக அமைந்த ஒரு வசதி. இதன் குறையை வெளிப்படுத்தியோருள் ஒருவர் நம் நாட்டிலிருந்தே எழுதினார் என்பது ஈண்டு அறியத்தக்கது.

ஆல்தோ காஸ்தெல்லானி என்னும் இத்தாலியர் 1903 இற் கொழும்பு வந்து, பத்தாண்டுக்கு மேலாக இங்குள்ள பற்றீரியாவியல் நிலையத்தை நடத்தினார். வெப்பநாட்டுக் குடல்நோய்களை ஆராய்ந்தபோது, இலற்றோசைத் தாக்கவல்ல வயிற்றளைச்சற் கிருமிகளை அவர் கண்டு, இலங்கையின் பெயரையே அவற்றுக்கு இட்டார். கொழும்பு வைத்தியக் கல்லூரியிற் பதிவாளராயிருந்த சாமேஸ் என்பாருடன் சேர்ந்து அவர் எழுதிய வெப்பநாட்டு வைத்திய நூலின் 1919 ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான், கோலைக்கு ‘எஸ்செரிக்கியா’ என்ற சாதிப்பெயரும் வயிற்றளைச்சற் கிருமிகளுக்குச் ‘சிகெல்லா’ என்ற சாதிப்பெயரும் இடப்பட்டன. உலகெங்கும் வழங்கும் இவ்விரு பெயர்களையும் சூட்டிய இருவரும் கொழும்பிலே தொழில்பார்த்தவர்கள்.

மலத்தைவிட நீரிலே இலற்றோசு ஆற்றிய பணி பெரிது. கிணற்றுநீரில் நெருப்புக்காய்ச்சற் கிருமியை நேரே பிடித்தல் மிக அரிது; நோய் பரவியபின் தேடும்போது அது பெரும்பாலும் மறைந்துவிடும். கோலையோ மலத்திற் கோடிக்கணக்கில் உளது. ஆதலின் கோலை உள்ள நீருக்கு மலம் வந்த வழியொன்று உண்டு. அவ்வழியால் நாளை நோய்க்கிருமியும் வரலாம். இந்த நியாயத்தைத் தொடர்ந்தே தியோபல்ட் சிமித் 1890களில் ஆற்றுநீரை ஆராய்ந்தார். 1898 இல் டேர்காம் என்னும் ஆங்கிலேயர், சர்க்கரைச் சாறுள்ள குழாயினுள்ளே சிறிய குழாயொன்றைக் கவிழ்த்து வைத்தார். கிருமி வாயுவை உண்டாக்கினால் அது சிறிய குழாயின் தலையிற் குமிழாக நிற்கும். இதனிலும் எளிய கருவி எமக்குத் தெரியாது. 1914 இல் அமெரிக்கத் திறைசேரி, மாகாணங்களிடையே ஓடும் புகைவண்டிகளிற் கொடுக்கப்படும் குடிநீருக்கு விதி செய்தபோது, பத்துக் கனசென்ரிமீற்றர்ப் பங்குகள் ஐந்தினுள் ஒன்றுக்கு மேற்பட்டதிற் கோலை காணப்படலாகாது என்று வரையறுத்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டினருக்கு இப்பரிசோதனை பிறநாட்டுச் செய்தியன்று. நம் நிலத்தின் கீழுள்ள சுண்ணாம்புக்கல் பிளவுகளும் துவாரங்களும் நிறைந்தது. மணல் செய்யும் வடிகட்டலை அது செய்யாது. கிணறும் மலக்குழியும் ஒரே வளவினுள் நெருங்கியிருக்குமிடத்து, மாரிகாலத்தில் நிலத்தடி நீர்மட்டம் உயரும்போது இரண்டும் உறவாடுகின்றன. இங்குள்ள கிணறுகள் பலவற்றிற் கோலை காணப்பட்டமை ஆய்வுகளில் வெளிவந்துள்ளது. நீர் தெளிவாயிருத்தலையும் இனிமையாயிருத்தலையும் சுத்தத்துக்குச் சான்றாகக் கொள்வோர், கவிழ்த்த குழாயின் குமிழை ஒருமுறை காணவேண்டும்.

இதுவரை கூறியது வைத்தியரின் சரித்திரம். இதே தட்டினின்றே மற்றொரு சரித்திரமும் கிளைத்தது. 1907 இல் மசினி என்பார், என்டோவின் தட்டிலே விநோதமான ஒரு கோலை வகையைக் கண்டார். அதன் திரள்கள் முதலில் வெண்மையாகத் தோன்றின. சில நாளின்பின் அவற்றின்மேற் சிறு சிவந்த முளைகள் எழுந்தன. அம்முளைகளினின்று எடுத்து வளர்த்தவை என்றும் சிவப்பாகவே வளர்ந்தன. உண்ணாத குலத்தில் உண்ணும் வழித்தோன்றல் பிறந்துவிட்டது. சர்க்கரையே கிருமிக்கு உண்ணக் கற்பித்ததோ, அன்றி உண்ணவல்ல சில விகாரிகள் முன்னரே தோன்றியிருந்து சர்க்கரை கிடைத்தபோது பெருகினவோ? 1934 இல் லூயிஸ் என்னும் அமெரிக்கர் பின்னதே உண்மை எனக் காட்டினார்.

ஆனால் உண்ணவல்ல கிருமியிடத்தும் ஒரு புதிர் இருந்தது. பாரிஸ் நகரிலே யாக் மொனோ, குளுக்கோசும் இலற்றோசும் கலந்த சாற்றிற் கோலையை வளர்த்து, அதன் பெருக்கத்தை அளந்தார். கிருமிகள் முதலிற் குளுக்கோசை உண்டு பெருகின. அது தீர்ந்ததும் சிறிதுநேரம் நின்றன. பின்னரே இலற்றோசை உண்ணத் தொடங்கின. செர்மானியப் படையின் ஆட்சியில் நகரம் கிடந்த 1941 இல் இது அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வுரையாயிற்று. இடைவேளையிற் கிருமி செய்தது யாது? இலற்றோசைப் பிளக்கும் நொதியத்தை அது அப்போதுதான் ஆக்கிக்கொண்டிருந்தது. இலற்றோசு இல்லாதபோது உடலில் அந்நொதியத்தின் மூலக்கூறுகள் ஒரு சிலவே. இலற்றோசு வந்ததும் அவை ஆயிரக்கணக்காகும்.

சர்க்கரை தன் உருவுக்கேற்ப நொதியத்தை வார்க்கின்றது என்ற பழைய விளக்கம் நெடுநாள் நிற்கவில்லை. நொதியத்தாற் பிளக்கப்படாத சில பொருள்களும் அதனைத் தோற்றுவித்தன. பிளக்கப்படும் சில தோற்றுவிக்கவில்லை. நொதியத்தின் அமைப்பு பரம்பரையலகில் ஏற்கெனவே எழுதப்பட்டுள்ளது. அதனை ஒரு புரதம் பூட்டிவைத்திருக்கின்றது. இலற்றோசு வந்து அப்பூட்டைத் திறக்கின்றது. பார்டீயுடன் 1959 இற் செய்த பரிசோதனையிலிருந்து மொனோவும் பிரான்சுவா சக்கோபும் இம்முடிபை அடைந்து, 1961 இல் விரித்தெழுதினர். 1965 ஆம் ஆண்டு நோபெல் பரிசு அவ்விருவருக்கும் அவர்களின் மூத்தோராகிய அந்திரே லுவோபுக்கும் வழங்கப்பட்டது. மறு ஆண்டிற் கில்பேட்டும் மியூலர் கில்லும் பூட்டாக நிற்கும் புரதத்தையே பிரித்தெடுத்தனர். 1977 இல் மனித ஓமோன் ஒன்றைக் கோலையினாற் செய்வித்தவர்களும் இதே இலற்றோசுப் பூட்டையே கருவியாகக் கொண்டனர்.

ஆராய்ச்சியாளர் பெற்ற இவ்வறிவு ஆய்வுகூட மேசைக்கும் திரும்பி வந்தது. சிகெல்லா சொன்னேய் என்னும் வயிற்றளைச்சற் கிருமி முதல்நாளில் நிறமற்றதாக இருந்து, சில நாளின்பின் சிவந்து, பரிசோதகரை நெடுங்காலம் மயக்கியது. இலற்றோசைப் பிளக்கும் நொதியம் அதனிடம் உண்டு. இலற்றோசை உள்ளே கொண்டுசெல்லும் புரதமே இல்லை என்பது இப்போது தெளிவு. அரிசி ஆலையுண்டு, நெல் வந்துசேரும் பாதை இல்லை. உட்கொண்டுசெல்வார் இல்லாமலே உட்புகத்தக்கதும், பிளக்கப்பட்டதும் மஞ்சள் நிறம் காட்டுவதுமான ஒரு செயற்கைப் பொருளைக் கொண்டு, இத்தகைய கிருமிகளைச் சில மணிநேரத்தில் அறிந்துகொள்கின்றனர்.

‘உண்பது தீதற்றது’ என்ற விதிக்குக் கடைசி அடி 1982 இல் விழுந்தது. அமெரிக்காவில் அரைத்த இறைச்சி உண்டோரிடையே குருதி கலந்த கழிச்சலை உண்டாக்கிய கிருமி ஒரு கோலையே. மக்கொங்கியின் தட்டில் அது மற்றைக் கோலைகளைப் போலவே இளஞ்சிவப்பாகி, எவர் கண்ணிலும் படாது அவற்றின் நடுவே கிடந்தது. அதனைப் பிடிப்பதற்குப் புதிய தட்டொன்றும் தேவைப்படவில்லை. அத்தட்டில் இலற்றோசை நீக்கி, அதன் இடத்திற் சோபிற்றோல் என்னும் பொருளை இட்டனர். மற்றைக் கோலைகள் பெரும்பாலும் அதனை விரைவில் உண்டு சிவந்தன. இக்கிருமி மறுநாள் வரையும் நிறமின்றி நின்றது.